பால்பல்லில் அடைத்தது ஏன் கழன்று விழுகிறது?

"தம்பி, சின்னவளுக்குப் பல்லு அடைச்சது திரும்பவும் விழுந்திட்டுது. மூண்டு மாசம்கூட ஆகேல்லை. கள்ளச் சாமான் போட்டிருக்கினம் போல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போனில். விழுந்த துண்டை ரிசுவில் சுற்றி வைத்திருப்பதாகச் சொன்னார். "எறிஞ்சு போடாதையுங்கோ அக்கா, வரேக்குள்ள கொண்டு வாங்கோ" என்றேன். அந்தத் துண்டின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பல் வைத்தியத் தொழிலில் இருப்பவனுக்கு இப்படியான அழைப்புகள் பழகிப்போனவை. கோயில் வீதியில் கேட்பார்கள், கலியாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள். வெள்ளை அடைப்பு நிற்காது என்பார் ஒருவர். பிரைவேற்றில் காசு கொடுத்துச் செய்தால் நிற்கும் என்பார் இன்னொருவர். விழப்போகிற பால்பல்லுக்கு எதற்கு அடைப்பு என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். எல்லோரும் சாமானைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தச் சாமான் எதன்மேல் ஒட்டப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சூத்தை பிடித்து, பிறகு சுத்தம் செய்யப்பட்ட பால்பல் எப்படியான பரப்பு என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மூன்றாமவருக்கு ஒரு வரி: பால்பற்கள் 20. முன்பற்கள் 6, 7 வயதில் ஆடத் தொடங்கினாலும் கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் அரை ஆயுள்.

முதலில் சைக்கிள் கடை

யாழ்ப்பாணத்தில் ரியூப் ஒட்டுவதைப் பார்க்காத ஆள் இருக்க முடியாது. கடைக்காரர் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். உடனே ஒட்டமாட்டார். ஈரத்தைத் துடைப்பார். அரத்தால் அந்த இடத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவார். சொலூசனைப் பூசி, அது காயும்வரை பேசாமல் இருப்பார். அதற்குப் பிறகுதான் ஒட்டு.

ஒட்டு கழன்றால் ஒட்டுத் துண்டைக் குறை சொல்லலாம். ஆனால் அனேகமாகச் சுரண்டியது போதாமல் இருக்கும், ஈரம் நின்றிருக்கும், இல்லாவிட்டால் ரியூப்பே உளுத்துப்போயிருக்கும். பல் அடைப்பிலும் இந்த மூன்றும்தான் கதை. கூடவே ஒரு தொல்லை: ரியூப் அழாது, நாக்கை நீட்டாது.

பல்லுக்குள் இரண்டு பொருள்

பல்லின் வெளி ஓடு எனாமல். எங்கள் பாடப்புத்தகம் மிளிரி என்று சொல்லும். எடையில் 96 வீதம் கனியுப்பு. கல்சியமும் பொஸ்பேற்றும் சேர்ந்த பளிங்குகள். உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் கிடையாது. கிட்டத்தட்டக் கல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு உள்ளே இருப்பது டென்ரின். இதில் கனியுப்பு ஏறத்தாழ 70 வீதம்தான். 20 வீதம் உயிர்ப்பொருள். அதில் பெரும்பங்கு கொலாஜன், அதாவது தோலிலும் எலும்பிலும் இருக்கிற அதே புரத நார். மீதி 10 வீதம் தண்ணீர். நுண்ணிய குழாய்கள் டென்ரின் முழுவதும் ஓடுகின்றன. அவற்றின் வழியாகப் பல்லின் நடுவிலுள்ள நரம்புப் பகுதியிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் வெளியே எவ்வளவு காற்றடித்து உலர்த்தினாலும் உள்ளேயிருந்து ஈரம் வரும்.

பால்பல்லில் இந்த இரண்டு அடுக்குமே மெல்லியவை. எனாமல், நிரந்தரப் பல்லில் இருப்பதில் ஏறத்தாழப் பாதித் தடிப்பு. நரம்புப் பகுதியோ பல்லின் அளவோடு பார்த்தால் பெரியது. அதனால்தான் சின்னப் பிள்ளைக்குச் சூத்தை இன்று புள்ளியாகத் தெரிந்து, சில மாதங்களில் நரம்பைத் தொட்டு நிற்கிறது.

ஆக, அடைப்பு ஒட்டவேண்டியது ஒரே குழிக்குள் இரண்டு வேறு பொருள்களில். விளிம்பில் கல், அடியில் ஈர நார்.

எனாமல்: கொத்திய சுவர்

பழைய சுவருக்குப் புதுப் பூச்சுப் பூச வரும் மேசன் முதலில் சுவரைக் கொத்துவார். மழமழப்பான சுவரில் சீமெந்து நிற்காது. கொத்திய பள்ளங்களுக்குள் சீமெந்து இறங்கி இறுகினால் அது பிடித்துக்கொள்ளும்.

இதே யோசனையைப் பல்லுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பல் வைத்தியர் மைக்கேல் புவோனோகோர். வண்ணம் பூசுவதற்கு முன் உலோகப் பரப்பைப் பொஸ்போரிக் அமிலத்தால் தயார் செய்யும் தொழிற்சாலை வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1955 இல் 85 வீதப் பொஸ்போரிக் அமிலத்தை எனாமலில் 30 செக்கன் வைத்துக் கழுவிப் பார்த்தார். ரெசின் முன்னைவிடப் பலமடங்கு நன்றாகப் பிடித்தது. இன்று ஏறத்தாழ 37 வீத அமிலம், நீல நிறக் களியாக ஊசிக்குழாயில் வருகிறது.

ரெசின் என்பது முதலில் திரவமாக இருந்து, பிறகு இறுகி பிளாஸ்ரிக் ஆகும் பொருள். அதற்குள் நுண்ணிய கண்ணாடித் துகள் கலந்தால் கொம்பொசிற். சனம் "வெள்ளை அடைப்பு" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அமிலம் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கும். ரெசின் அவற்றுக்குள் வழிந்து இறங்கும். நீல லைற்றைப் பிடித்தவுடன் இறுகும். இந்தப் பிடி நல்ல பிடி, நம்பலாம்.

டென்ரின்: இடியப்பமும் சொதியும்

டென்ரினில் கதை வேறு. அங்கே அமிலம் வைத்தால் கனியுப்பு கரைந்து போய், கொலாஜன் நார்கள் மட்டும் வலைபோல மிஞ்சும்.

இப்போது சூடாக அவித்த ஒரு இடியப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இழைகளுக்கு இடையில் இடைவெளி இருக்கிறது. சொதியை விட்டால் ஒவ்வொரு இழையையும் சுற்றி இறங்கும். அதே இடியப்பத்தைத் தட்டில் வைத்து ஒரு மணித்தியாலம் பங்காவுக்குக் கீழே விட்டுவிடுங்கள். இழைகள் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி ஆகிவிடும். சொதி மேலே நிற்குமே தவிர உள்ளே இறங்காது. மாறாக, இடியப்பம் தண்ணீரில் ஊறிப்போயிருந்தாலும் சொதிக்கு இடமில்லை.

கொலாஜன் வலையும் இப்படித்தான். அளவுக்கு மிஞ்சி உலர்த்தினால் படிந்துவிடும். ஈரம் கூடினால் ரெசினுக்கு இடமிருக்காது. இலேசான ஈரத்தோடு இருக்கும்போது ரெசின் இழைகளைச் சுற்றி ஊறி, அப்படியே இறுகினால், பாதி பல்லும் பாதி பிளாஸ்ரிக்குமான ஒரு மெல்லிய படை உண்டாகும். இதைக் கலப்புப் படை என்பார்கள். யப்பானைச் சேர்ந்த நாகாபயாஷி 1982 இல் இதை விளக்கினார். டென்ரினில் ஒட்டும் கொம்பொசிற் அடைப்பின் உயிர், சில மைக்ரோமீற்றர் தடிப்புள்ள இந்தப் படையில்தான் இருக்கிறது.

பால்பல்லின் டென்ரின் அமிலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இளகிக் கொடுக்கும். நிரந்தரப் பல்லுக்கு வைக்கிற அதே நேரம் வைத்தால் அமிலம் ஆழமாகப் போய்விடும், ரெசின் அடிவரை எட்டாது. அடியில் ரெசின் இல்லாத வெறும் நார் மிஞ்சும். அந்த நார், வாயின் ஈரத்திலும் பல்லிலேயே உள்ள நொதியங்களாலும் மெல்ல மெல்லச் சிதையும். அன்றைக்கு இறுக்கமாக இருந்த அடைப்பு மாதங்கள் கழித்து ஆடுவதற்கு இது ஒரு காரணம்.

சுருக்கமாக: எனாமலில் ரெசின் பள்ளங்களில் பூட்டிக்கொள்கிறது. டென்ரினில் நார்வலைக்குள் ஊறுகிறது. இரண்டாவது வேலை நுணுக்கமானது, இலகுவில் பிழையாகிவிடும்.

சூத்தை இருந்த இடம்

இதுவரை சொன்னது நல்ல டென்ரினைப் பற்றி. ஆனால் ஓட்டை விழுந்த பல்லில் நல்ல டென்ரின் எங்கே இருக்கிறது? அடைப்பு வைக்கப்போவதே சூத்தை இருந்த இடத்தில்.

சூத்தையை ஒரு ஈரச் சுவர் மாதிரிப் பாருங்கள். மேலே கையால் தட்டினாலே உதிரும் பகுதி. அதற்குக் கீழே உதிராது, ஆனால் நிறம் மாறி மெதுமையாகியிருக்கும் பகுதி. அதற்கும் கீழே நல்ல சுவர்.

பல்லில் மேல் பகுதியில் கிருமிகள் நிறைந்திருக்கும். கொலாஜனும் சிதைந்திருக்கும். கரண்டி மாதிரியான சின்னக் கருவியால் வழித்தால் ஈரக் களியாக வரும். இது தொற்றிய டென்ரின்; ஒட்டுவதற்கு எதுவுமே இங்கே இல்லை. அதன் கீழே பாதித்த டென்ரின். கனியுப்புக் குறைந்து தோல் மாதிரி நெகிழும், ஆனால் நார்கள் பெரும்பாலும் முழுதாக இருக்கும். இந்தப் பகுதி திரும்ப உரம் பெறக்கூடியது. அதனால் இன்றைய வைத்தியர்கள் ஆழமான குழியில், நரம்புக்குக் கிட்ட உள்ள இந்த அடுக்கை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். எல்லாவற்றையும் கடைந்து எடுக்கப்போனால் பால்பல்லின் நரம்பு திறந்துவிடும். "சூத்தையை முழுக்க எடுக்காமல் மூடிப்போட்டினம்" என்ற குற்றச்சாட்டு எனக்குக் கேட்டுப் பழகியது. விட்டுவைத்தது கவலையீனத்தால் இல்லை.

ஆனால் ஒட்டுக்கு இதனால் ஒரு விலை உண்டு. பாதித்த டென்ரினில் தண்ணீர் கூட. கனியுப்புக் குறைவு. குழாய்களில் பல, பளிங்குத் துணிக்கைகளால் அடைபட்டிருக்கும். அமிலம் வைத்தால் இன்னும் ஆழமாக இளகும். கலப்புப் படை தடிப்பாக உண்டாகும், ஆனால் உள்ளே ஓட்டை ஓட்டையாக. தடித்தது பலமானது என்று இங்கே நினைக்கக்கூடாது. நல்ல டென்ரினில் கிடைக்கும் பிடி இதில் கிடைப்பதில்லை.

அப்படியானால் அடைப்பு எதை நம்பி நிற்கிறது? விளிம்பை. ஊறுகாய்ப் போத்தலின் மூடி நடுவில் எங்கேயும் தொடுவதில்லை, வாய் விளிம்பில்தான் இறுகுகிறது. குழியின் அடியில் மெதுமையை விட்டாலும், சுற்றிவர உள்ள ஓரங்களை நல்ல எனாமலும் நல்ல டென்ரினும் வரும்வரை துப்புரவாக்க வேண்டும். ஓரம் இறுகினால் உள்ளே மிஞ்சிய கிருமிகளுக்குச் சீனி போய்ச் சேராது, பட்டினியில் அடங்கிவிடும். ஓரம் கசிந்தால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த சாமான் இருந்தும் உள்ளே சூத்தை வளரும். அடைப்பு விழாமல் அப்படியே இருந்து, கீழே பல் உளுத்துப்போகும் நிலை இதைவிட மோசம். விழுந்த அடைப்பையாவது தாய் கண்டுபிடிப்பார்.

ஓரம் கிடைக்காத ஓட்டைகளும் உண்டு. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் விழும் சூத்தையில், ஓரம் முரசுக்குக் கிட்ட இறங்கிவிடும். அங்கே எனாமல் மெல்லியது அல்லது இல்லவே இல்லை. ஈரமும் இரத்தமும் வருகிற இடம். பால்பல்லில் அடிக்கடி கழலும் அடைப்புகள் இந்த வகைதான்.

கிளாஸ் அயனோமர்: ஊறாமல் ஒட்டுவது

ரெசினைத் தவிர இன்னொரு வழி இருக்கிறது. 1970 களின் தொடக்கத்தில் இலண்டனில் வில்சனும் கென்றும் உருவாக்கிய கிளாஸ் அயனோமர் சீமெந்து. விசேடக் கண்ணாடித் தூளையும் பொலிஅக்ரிலிக் அமிலத்தையும் குழைத்தால் சில நிமிடத்தில் இறுகும். இந்த அமிலம், பல்லில் உள்ள கல்சியத்தோடு இரசாயனப் பிணைப்பு உண்டாக்கும். நார்வலைக்குள் ஊற வேண்டிய கட்டாயம் இல்லை. இலேசான ஈரம் அதைக் குழப்பாது. இறுகிய பிறகும் புளோரைட்டை மெல்ல மெல்லக் கசியவிடும்.

சரி, அப்படியென்றால் எல்லாப் பல்லுக்கும் இதையே வைக்கலாமே? இரண்டு தடை. ஒன்று, இது கொம்பொசிற்றைவிட உடைவதும் தேய்வதும் கூட. மற்றது, பிடிக்கக் கல்சியம் வேண்டும். பாதித்த டென்ரினில் கல்சியம் குறைவு. ஆகவே இதற்கும் நல்ல ஓரம் தேவைதான். ஆனாலும் துடிக்கிற பிள்ளையின் வாயில், ஈரத்தை முழுக்கக் கட்டுப்படுத்த முடியாத நேரத்தில், என் கை இதற்குத்தான் முதலில் போகும்.

குழைத்து வைத்தவுடன் மேலே வசலின் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது வழுக்குவதற்கு இல்லை. முதல் நிமிடங்களில் எச்சில் பட்டாலும் காய்ந்து போனாலும் சீமெந்து கெடும். புதுச் சீமெந்துத் தரைக்குச் சாக்குப் போட்டு மூடுவார்களே, அந்த வேலை. ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றும் சப்பக்கூடாது என்பதும் இதற்காகவே. வெளியே வந்தவுடன் "பாவம், அழுத பிள்ளை" என்று ரொபி வாங்கிக் கொடுக்கும் அம்மம்மாமாருக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கறுப்பு மருந்து பூசிய பல்

சில்வர் டயமின் புளோரைட் என்ற திரவம், 38 வீதச் செறிவில், துளைக்காமல் சூத்தையை நிறுத்தப் பூசப்படுகிறது. அதிலுள்ள வெள்ளி கிருமிகளைக் கொல்லும், புளோரைட் மெதுமையான பகுதியை உரமாக்கும். யப்பானில் 1970 இலிருந்தே வழக்கில் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் இதையும் கிளாஸ் அயனோமரையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பூசிய பிறகு சூத்தை நிரந்தரமாகக் கறுக்கும். நல்ல எனாமல் கறுக்காது. கறுப்புக் கெட்டுப்போனதன் அடையாளம் என்று பலர் பயப்படுகிறார்கள். இங்கே அது நின்றுபோன சூத்தையின் நிறம்.

இதன்மேல் அடைப்பு ஒட்டுமா என்றுதான் குழப்பம். மருந்து காய்ந்ததும் பரப்பில் வெள்ளியும் உப்புகளும் படிந்து நிற்கும். ரெசின் இதைத் தாண்டி நார்வலைக்குள் ஊறச் சிரமப்படும். கழுவாமல் உடனே கொம்பொசிற் வைத்தால் பிடி குறையலாம். நன்றாகக் கழுவி, சில நாள் விட்டு, ஓரங்களை இலேசாகப் புதுப்பித்து வைத்தால் நிலைமை தேறும். கிளாஸ் அயனோமர் பரப்பில் உள்ள கல்சியத்தைப் பிடிப்பதால் அதற்குப் பெரிய பாதிப்பில்லை. அதனால் இந்த மருந்துக்குப் பிறகு கிளாஸ் அயனோமர் வைப்பது வழக்கமான சோடி ஆகிவிட்டது.

இந்த இரண்டு பகுதிக்கும் சேர்த்து: ரெசினுக்குத் தேவை சுத்தமான, ஊறக்கூடிய நார்வலை. கிளாஸ் அயனோமருக்குத் தேவை கல்சியம். மருந்தோ சூத்தையோ இவற்றில் எதைக் குறைக்கிறது என்று பார்த்தால், எந்தச் சாமான் எங்கே பொருந்தும் என்பது விளங்கும்.

எச்சிலும் கராம்பும்

அமிலம் வைத்துக் கழுவிய பல்லில் ஒரு சொட்டு எச்சில் பட்டால் அதிலுள்ள புரதம் படலமாகப் படியும். பள்ளங்களும் நார்வலையும் மூடிவிடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பஞ்சு, உறிஞ்சி, ரப்பர் விரிப்பு எல்லாம் இந்த ஒரு சொட்டைத் தடுக்கத்தான். பிள்ளை அழுதால் எச்சில் சுரப்பது கூடும், நாக்கு பஞ்சைத் தள்ளும். நான்கு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் வாயைத் திறந்து வைத்திருப்பதென்றால் அது தவம். "அந்த டொக்டர் வைச்சது நிண்டது, இந்த டொக்டர் வைச்சது நிக்கேல்லை" என்று ஒப்பிடும்போது, அன்றைக்குப் பிள்ளை அழுததா என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இன்னொன்று, எங்கள் வீடுகளுக்கே உரியது. இரவு பல் குத்தினால் கராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சை ஓட்டைக்குள் வைப்பது. அதில் உள்ள யூஜெனோல் வலியைக் குறைக்கும், பொய்யில்லை. ஆனால் அதே யூஜெனோல் ரெசின் இறுகுவதைத் தடுக்கும். சில தற்காலிக அடைப்புகளிலும் அது உண்டு. காலையில் வந்தால் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுச் சாமானை மாற்றுவார் அல்லது நாளைத் தள்ளிவைப்பார்.

ரிசுவில் வந்த துண்டு

பின்னேரம் அக்கா கொண்டுவந்தார். பச்சரிசி அளவுத் துண்டு, கொம்பொசிற். பல்லோடு ஒட்டியிருந்த பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. பல்லின் துணிக்கை ஒன்றுகூட அதில் இல்லை. பிடித்துக்கொண்டிருந்து உடைந்த அடைப்பு இப்படி வராது, கரடுமுரடாக வரும். இது ஒருநாளும் ஒழுங்காகப் பிடிக்கவேயில்லை. மூன்று மாதம் வெறுமனே குழிக்குள் இருந்திருக்கிறது. கிளாஸ் அயனோமராக இருந்தால் பெரும்பாலும் சீமெந்துக்குள்ளேயே வெடித்து, ஒரு மெல்லிய படை பல்லில் மிஞ்சியிருக்கும். அது கொஞ்சக் காலத்துக்காவது டென்ரினை மூடியிருக்கும்.

சின்னவளின் வாயை ரோர்ச் அடித்துப் பார்த்தேன். கீழ்க் கடைவாயில் இரண்டு பற்களும் தொடும் இடம். ஓரம் முரசு மட்டத்தில். வைத்த அன்று பெரிய அழுகை என்று அக்காவே சொன்னார். சாமான் கள்ளச் சாமானில்லை. அந்த இடத்துக்கு அது பொருந்தவில்லை.

திரும்ப அதே குழியில் அதையே ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. இப்படியான பல்லுக்கு ஆயத்த உலோகத் தொப்பி உண்டு. பல் முழுவதையும் மூடி, உள்ளே கிளாஸ் அயனோமர் நிரப்பி, அமுக்கி விடுவது. அது குழியின் பிடியை நம்பாது. பல்லைச் சுற்றி இறுகி நின்று கசிவை அடைக்கும். நரம்பில் தொற்று இல்லாத பல்லில், சூத்தையைக் கடையாமல், ஊசியும் போடாமல் இப்படித் தொப்பி போடும் முறைக்கு, ஸ்கொட்லாந்தில் அதைச் செய்துவந்த நோர்னா ஹோல் என்ற பல் வைத்தியரின் பெயரால் ஹோல் முறை என்று பெயர்.

"பொம்பிளைப் பிள்ளைக்கு இரும்புப் பல்லோ?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். பன்னிரண்டு வயதுக்குள் பல்லோடு சேர்ந்து அதுவும் விழுந்துவிடும் என்றேன். படமெடுத்துப் பார்த்ததில் நரம்பில் தொற்று இல்லை. அடுத்த வியாழக்கிழமை தொப்பி போட்டாயிற்று. சின்னவள் இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கன்னத்தை இழுத்துக் காட்டுகிறாள்.